சின்னமில்லாத வாக்குச்சீட்டு: லொஸ் ஏஞ்சல்ஸ் மாநகர மேயர் தேர்தல்

எமது நாட்டில் வாக்குச்சீட்டைக் கையில் எடுத்ததும் முதலில் கண்ணிற் படுவது சின்னம். வாசிக்கத் தெரியாதவருக்கும் யானையைத் தெரியும், கதிரையைத் தெரியும், வீட்டைத் தெரியும். அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள லொஸ் ஏஞ்சல்ஸ் மாநகரத்தில் மேயரைத் தெரிவு செய்யும் வாக்குச்சீட்டில் இவ்வாறான சின்னம் எதுவும் கிடையாது. கட்சியின் பெயரும் கிடையாது. வேட்பாளரின் பெயரும், அவருடைய தொழிலைக் குறிக்கும் ஓரிரு சொற்களுமே அதில் அச்சிடப்பட்டிருக்கும். எஞ்சியதை வாக்காளர்தாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதனைக் கட்சிசாராத் தேர்தல் என்பார்கள். "இந்தக் கட்சிகள் இல்லாமல் இருந்தாலே எங்கள் பிரச்சினை தீர்ந்துவிடும்" என்று நலன்புரி நிலையங்களிலும் மீள்குடியேறிய ஊர்களிலும் பலர் சொல்வதுண்டு. அவர்களுடைய சலிப்பிலே நியாயம் இருக்கிறது. ஆனால் கட்சிப் பெயரை நீக்கிவிட்டால் உண்மையில் என்ன நடக்கும்? ஏழைகளுக்கு அது துணை செய்யுமா? நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த முறையைக் கைக்கொண்டுவரும் நகரமொன்றின் அனுபவத்தைப் பார்த்தால் இக்கேள்விக்கு ஓரளவு விடை கிடைக்கும். அதிலும், காணியையும் வீட்டையும் இழந்த மக்களின் கதியை அந்நகரத்தின் மேயர் தேர்தலொன்றே தீர்மானித்தது என்பதால், அந்த அனுபவம் எமக்குப் புறம்பானதன்று.

தேர்தல் நடக்கும் முறை

லொஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியா மாநிலத்தில் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு ஏறக்குறைய 39 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். நியூயோர்க்குக்கு அடுத்ததாக அமெரிக்காவின் மிகப் பெரிய நகரம் இதுவே. நகரம் 15 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, வட்டாரத்துக்கு ஒருவராக 15 உறுப்பினர் மாநகர சபையில் அமர்கின்றனர். எமது நாட்டில் நாம் மாநகர சபைக்கு உறுப்பினரைத் தெரிவு செய்கிறோம். மேயர் பதவிக்கென்று தனியாக வாக்களிப்பதில்லை. அங்கோ முழு நகரமும் சேர்ந்து மேயரை நேரடியாகத் தெரிவு செய்கிறது. பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் மேயராகத் தெரிவு செய்யப்பட முடியாது.

தேர்தல் இரண்டு சுற்றுகளாக நடைபெறுகிறது. இதனை எமக்குப் பழக்கமான உதாரணத்தால் விளங்கிக்கொள்ளலாம். நூறு அங்கத்தவர் உள்ள கமக்காரர் அமைப்பொன்றில் தலைவர் பதவிக்கு ஐந்து பேர் போட்டியிடுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 30 வாக்கு, மற்ற நால்வருக்கும் அதற்குக் குறைந்த வாக்கு. முப்பது வாக்குப் பெற்றவரைத் தலைவராக்கினால், எழுபது பேர் விரும்பாத ஒருவர் தலைவராகிவிடுவார். லொஸ் ஏஞ்சல்ஸ் முறை இதற்கு இடம் கொடுப்பதில்லை. முதற் சுற்றில் பாதிக்கு மேல் வாக்குப் பெற்றவர் அப்போதே வெற்றி பெறுகிறார். எவருக்கும் அவ்வளவு வாக்குக் கிடைக்காவிட்டால், முதலிரு இடங்களில் வந்தவர்கள் மட்டும் இரண்டாம் சுற்றில் மோதுகின்றனர். தோற்றவர்களை ஆதரித்த மக்களிடம் இந்த இருவரும் போய் மீண்டும் வாக்குக் கேட்க வேண்டியிருக்கும். தம்முடைய ஆட்களின் ஆதரவு மட்டும் போதாது என்பதே இதன் கருத்து.

மேயருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் எல்லையற்ற அதிகாரம் இல்லை. வரவுசெலவுத் திட்டத்தை அவர் முன்வைப்பார்; சபை அதைத் திருத்தி ஏற்கும். திணைக்களத் தலைவர்களை அவர் நியமிப்பார். சபையின் தீர்மானத்தைத் தடுத்து நிறுத்தவும் அவருக்கு உரிமையுண்டு. ஆனால் பொதுச் சுகாதாரமும் ஏழைகளுக்கான சமூக சேவைகளும் பெரும்பாலும் கவுண்டி எனப்படும் வேறொரு நிருவாகத்தின் கையில் உள்ளன. பாடசாலைகளுக்குத் தனியான சபை இருக்கிறது. எனவே மேயர் வேட்பாளர் ஒருவர் எல்லாவற்றையும் செய்து தருவேன் என்று மேடையில் முழங்கினால், அது அவருடைய அதிகாரத்துக்குள் வரும் காரியந்தானா என்று முதலில் பார்க்க வேண்டும்.

கட்சிப் பெயரை நீக்கியது ஏன்?

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியா அரசியலைச் சதேர்ன் பசிபிக் என்ற புகையிரதக் கம்பனி ஆட்டிவைத்தது. விளைபொருளைச் சந்தைக்கு ஏற்றும் கூலியைத் தீர்மானித்தது அக்கம்பனியே. பெரும் கட்சிகளுக்குள்ளும் அதன் ஆட்கள் இருந்தனர். எந்தக் கட்சிக்கு வாக்களித்தாலும் கம்பனியே வெல்லும் என்ற நிலைமை அது.

இதனை எதிர்த்து ஒரு சீர்திருத்த இயக்கம் எழுந்தது. அதில் முன்னின்றவர்களுள் ஜோன் ரண்டொல்ப் ஹெயின்ஸ் என்ற மருத்துவர் ஒருவர். அவர்களுடைய முயற்சியினால் 1903இல் நகரத்தின் சட்ட ஏட்டில் புதியதொரு ஏற்பாடு சேர்க்கப்பட்டது. தெரிவு செய்யப்பட்டவர் தவறாக நடந்தால், போதிய வாக்காளர் கையொப்பமிட்டு மனுக் கொடுத்து, பதவிக்காலம் முடியுமுன்னரே மறுதேர்தல் நடத்தி அவரை வீட்டுக்கு அனுப்பலாம் என்பதே அது. 1909இல் மேயராக இருந்த ஆர்தர் ஹார்ப்பர் மீது ஊழற் குற்றச்சாட்டுக்கள் எழுந்தன. மறுதேர்தல் நெருங்கவே அவர் பதவி விலகினார். சீர்திருத்த இயக்கத்தினரின் வேட்பாளரான ஜோர்ஜ் அலெக்சாண்டர் அவருடைய இடத்துக்கு வந்தார். அதே ஆண்டிலேயே நகரத் தேர்தல்களில் கட்சிப் பெயர் போடும் வழக்கமும் ஒழிக்கப்பட்டது.

அவர்களுடைய வாதம் எளிமையானது. குப்பை அள்ளுவதற்கும் குழாய்க்குத் தண்ணீர் விடுவதற்கும் கட்சி எதற்கு? நேர்மையும் திறமையும் உள்ளவரைப் பார்த்துப் போடுங்கள் என்றார்கள். இந்த வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அதுவே முழு உண்மையன்று என்பதைப் பின்வந்த காலம் காட்டியது.

சாவேஸ் ரவீன் மக்களின் கதை

நகர மத்தியிலிருந்து இரண்டொரு மைல் தூரத்தில், குன்றுகளுக்கிடையே, பாலோ வேர்டே, லா லோமா, பிஷொப் என்ற மூன்று குடியிருப்புக்கள் இருந்தன. மூன்றையும் சேர்த்துச் சாவேஸ் ரவீன் என்று அழைத்தனர். அங்கு வாழ்ந்தோரில் பெரும்பாலானோர் மெக்சிக்கோ வழிவந்த கத்தோலிக்கர்கள். இன்ன இனத்தாருக்கு விற்கக் கூடாது என்று காணி உறுதிகளிலேயே எழுதிவைத்திருந்த காலம் அது. வேறிடங்களில் காணி வாங்க வழியில்லாத மக்கள் அந்தக் குன்றுகளில் சிறுகச் சிறுக வீடு கட்டினர். வளவில் மரக்கறி பயிரிட்டனர். ஆடு, கோழி வளர்த்தனர். கோவிலும் பாடசாலையும் இருந்தன. வீதிகள் பலவற்றுக்குத் தார் போடப்படவில்லை. நகர அதிகாரிகளின் கண்ணுக்கு அது சேரி. அங்கு பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது ஊர்.

1949இல் அமெரிக்க மத்திய அரசு ஏழைகளுக்கு வீடமைக்கும் சட்டமொன்றை நிறைவேற்றியது. அதன்கீழ் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்கு 10,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. மேயர் பிளெச்சர் பௌரொன் இதனை மனமார வரவேற்றார். மாநகர சபையும் ஒருமனதாக ஏற்றது. புதிய வீடுகளில் ஒரு பெரும் பகுதியைச் சாவேஸ் ரவீனில் கட்டுவதென முடிவாயிற்று. மாடிக் கட்டடங்களும் சிறு வீடுகளுமாக 3,000க்கு மேற்பட்ட குடும்பங்கள் வாழக்கூடிய திட்டம் அது.

1950ஆம் ஆண்டு ஜூலை மாதம் அங்கிருந்த குடும்பங்களுக்கு வீடமைப்பு அதிகாரசபையிடமிருந்து கடிதங்கள் வந்தன. உங்கள் காணி பொதுத் தேவைக்கு எடுக்கப்படும், நட்டஈடு தரப்படும், புதிய வீடுகள் கட்டி முடிந்ததும் அவற்றைத் தெரிந்தெடுக்கும் முதல் வாய்ப்பு உங்களுக்கே என்பது அவற்றின் சாரம். சிலர் நம்பினர். சிலர் நம்பாமலும், வேறு வழியில்லை என்று எண்ணிப் போயினர். கிடைத்த பணத்தில் வேறிடத்தில் அதேபோன்ற வீடு வாங்குவது பலருக்கு முடியாத காரியமாயிற்று. மிகச் சிலர் அசையமாட்டோம் என்று இருந்துவிட்டனர்.

மக்கள் போன பின்னர் காற்றுத் திசைமாறியது. பொதுப் பணத்தில் வீடு கட்டினால் தமது வியாபாரம் கெடும் என்று கட்டடக்காரரும் காணி வியாபாரிகளும் எதிர்த்தனர். லொஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் என்ற பெரும் பத்திரிகை அவர்களுக்குத் துணைநின்றது. சோவியத் ஒன்றியத்துடன் பகைமை முற்றியிருந்த காலமாகையால், ஏழைக்கு அரசு வீடு கட்டுவது கம்யூனிசம் என்ற பிரசாரம் இலகுவாக எடுபட்டது. 1951 டிசம்பரில் சபை ஒரேயொரு வாக்கு வித்தியாசத்தில் திட்டத்தைக் கைவிடத் தீர்மானித்தது. செய்த ஒப்பந்தத்தை அப்படி முறிக்க முடியாது என்று நீதிமன்றம் கூறியது. 1952 ஜூனில் நடந்த மக்கள் வாக்கெடுப்பிலும் பெரும்பான்மையோர் திட்டத்துக்கு எதிராகவே வாக்களித்தனர். வீடமைப்பு அதிகாரசபையின் உத்தியோகத்தர் பிராங் வில்கின்சன், தமது அரசியல் தொடர்புகள் பற்றிய கேள்விக்குப் பதிலளிக்க மறுத்தமையால் வேலையை இழந்தார். அந்நாட்களில் பொது வீடமைப்புக்காகத் துணிந்து குரல் கொடுத்தவர்களுள் மொன்சிஞ்ஞோர் தோமஸ் ஓட்வையர் என்ற கத்தோலிக்கக் குருவும் ஒருவர்.

இந்தச் சூழலில் 1953இல் மேயர் தேர்தல் வந்தது. பௌரொன் 1938இலிருந்து மேயராக இருந்தவர். அவரை எதிர்த்து நின்றவர் நொரிஸ் போல்சன். பொது வீடமைப்பை நிறுத்துவதே அவருடைய முக்கிய வாக்குறுதி. பத்திரிகையும் வியாபாரிகளும் அவர் பக்கம். மே 26ஆம் திகதி நடந்த இரண்டாம் சுற்றில் போல்சன் வென்றார். சாவேஸ் ரவீன் திட்டம் கைவிடப்பட்டது. மத்திய அரசு அக்காணியைக் குறைந்த விலைக்கு நகரத்திடம் கொடுத்தது. பொது நன்மைக்கே பயன்படுத்த வேண்டும் என்று நிபந்தனையும் விதித்தது.

அந்தப் பொது நன்மை என்னவாயிற்று? நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்து டொட்ஜர்ஸ் என்ற பேஸ்போல் குழுவை வரவழைக்க நகர நிருவாகம் விரும்பியது. அதற்கு மைதானம் வேண்டும். 1957இல் ஒப்பந்தம் செய்தனர். 1958 ஜூன் 3ஆம் திகதி நடந்த மக்கள் வாக்கெடுப்பில் அது சிறிய வித்தியாசத்தில் நிறைவேறியது. 1959 மே 8ஆம் திகதி, எஞ்சியிருந்தோரில் சிலர் பொலிஸ் அதிகாரிகளால் வீட்டுக்கு வெளியே தூக்கிக்கொண்டுவரப்பட்டனர். அவர்களின் கண்முன்னே புல்டோசர் வீடுகளை நொறுக்கியது. 1962 ஏப்ரலில் அங்கு பெரும் விளையாட்டு மைதானம் திறக்கப்பட்டது. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைப் பற்றி வேதாகமத்தில் வாசித்திருக்கும் எமக்கு இது புதிய கதையன்று.

பெயர் மறைந்தாலும் பலம் மறையாது

இக்கதையில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பௌரொனும் போல்சனும் ஒரே கட்சியைச் சேர்ந்தவர்கள். இருவரும் குடியரசுக் கட்சிக்காரர். வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருந்திருந்தாலும் அதனால் வாக்காளருக்கு எந்தத் தெளிவும் பிறந்திராது. ஆனால் ஏழைகளின் வீடு என்ற விடயத்தில் இருவரும் எதிரெதிர்த் துருவங்களாக நின்றனர். எனவே ஒருவர் எந்தக் கட்சி என்று அறிவதோடு எமது விசாரணை முடிந்துவிடக் கூடாது. எமது காணியைப் பற்றி, எமது வீட்டைப் பற்றி அவருடைய நிலைப்பாடு என்ன என்று கேட்டறிய வேண்டும்.

மற்றது, கட்சியை வெளியே தள்ளியதால் செல்வாக்கு அற்றுப்போகவில்லை; அது இடம் மாறியது. கட்சிக் காரியாலயத்தில் இருந்த பலம் பத்திரிகைக் காரியாலயத்துக்கும் பணக்காரரின் வரவேற்பறைக்கும் போயிற்று. சின்னம் இல்லாத சீட்டில் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், வாக்காளர் அப்பெயரை முன்னரே எங்காவது பலமுறை கேட்டிருக்க வேண்டும். பெயரைக் கேட்கச் செய்வதற்குப் பணம் வேண்டும். அல்லது வீடு வீடாய்ப் போகும் ஆட்கள் வேண்டும். பணம் இல்லாதவர்களுக்கு உள்ள ஒரே வழி இரண்டாவது வழிதான்.

அந்த இரண்டாவது வழியையும் அதே நகரத்தில் மக்கள் செய்து காட்டினர். எட்வர்ட் றோய்பல் என்பவர் 1947இல் மாநகர சபைத் தேர்தலில் நின்று தோற்றார். அவருடன் இருந்தவர்கள் கலைந்து போகவில்லை. சமூக சேவை அமைப்பு என்ற பெயரில் ஒன்றுகூடினர். வீட்டுக் கூட்டங்கள் நடத்தினர். இடாப்பில் பெயர் இல்லாதோரைத் தேடித் தேடிப் பதிவுசெய்தனர். இவ்வாறு ஆயிரக்கணக்கானோர் புதிய வாக்காளராயினர். 1949இல் றோய்பல் வென்றார். மெக்சிக்கோ வழிவந்த ஒருவர் அச்சபைக்குத் தெரிவானது 19ஆம் நூற்றாண்டுக்குப் பின்னர் அதுவே முதற்றடவை. சாவேஸ் ரவீன் மக்களுக்காகச் சபையில் அவர் வாதாடினார். ஆனால் பதினைந்து பேரில் அவர் ஒருவர் மட்டுமே. ஒரு வட்டாரத்தை வென்றவர்களால் முழு நகரத்தையும் அப்போது வெல்ல முடியவில்லை.

கூட்டுச் சேர்ந்து வென்ற தேர்தல்

முழு நகரத்தையும் வெல்வது எப்படி என்பதற்கு ரொம் பிராட்லியின் வரலாறு நல்ல உதாரணம். அவர் அடிமைகளாக இருந்தவர்களின் பேரன். ரெக்சாஸ் மாநிலத்தில், பிறருடைய காணியில் விளைச்சலில் பங்குக்குப் பருத்தி செய்கைபண்ணிய குடும்பத்தில் பிறந்தவர். அவர் ஏழு வயதாக இருக்கும்போது அக்குடும்பம் பிழைப்புத் தேடி லொஸ் ஏஞ்சல்சுக்கு வந்தது. பிராட்லி பொலிஸ் சேவையில் சேர்ந்தார், பின்னர் சட்டத்தரணியானார், மாநகர சபை உறுப்பினரானார்.

1969இல் மேயர் தேர்தலில் நின்று முதற் சுற்றில் அவரே முன்னணியில் வந்தார். ஆனால் இரண்டாம் சுற்றில், பதவியிலிருந்த மேயர் சாம் யோர்ட்டி கறுப்பினத்தவர்மீது அச்சத்தைக் கிளப்பிப் பிரசாரம் செய்து வென்றுவிட்டார். வாக்குச்சீட்டில் கட்சி இல்லை. ஆயினும் இனம் நுழைந்துவிட்டது. இதனையும் மறத்தலாகாது. கட்சிப் பிரிவினை இல்லாத இடத்தில் இனமும் சாதியும் ஊரும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடும்.

பிராட்லி சோர்ந்துவிடவில்லை. அந்நகரத்தில் கறுப்பின மக்கள் ஐந்திலொரு பங்குக்கும் குறைவு. தம்மவரின் வாக்கால் மட்டும் வெல்ல முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார். யூத மக்கள், மெக்சிக்கோ வழியினர், ஆசிய வழியினர், மாற்றம் விரும்பிய வெள்ளையர் எல்லோரையும் நான்கு ஆண்டுகளாகத் தேடிச் சென்று கூட்டமைத்தார். 1973இல் அதே யோர்ட்டியை அதே இரண்டாம் சுற்றில் வென்றார். இருபது ஆண்டுகள், 1993வரை, மேயராக இருந்தார். பாதிக்கு மேல் வாக்குத் தேவை என்ற விதி 1969இல் அவரை வீழ்த்தியது. அதே விதிதான் சிறுபான்மை மனிதரான அவரைப் பலருடைய கதவைத் தட்டவைத்து 1973இல் உயர்த்தியது.

2022ஆம் ஆண்டின் தேர்தல்

நீண்டகாலமாக இந்நகரத்தில் மேயர் தேர்தலுக்கு வாக்களிக்க வருவோர் மிகக் குறைவு. தனியான ஆண்டில், தனியான நாளில் தேர்தல் நடந்தமை அதற்கு ஒரு காரணம். 2013இல் நடந்த இரண்டாம் சுற்றில் பதிவுசெய்த வாக்காளரில் நூற்றுக்கு 23 பேர் அளவிலேயே வாக்களித்தனர். நால்வரில் ஒருவர்கூட இல்லை. நகர விடயங்களைக் கட்சிப் பூசலிலிருந்து தனியே வைக்க வேண்டும் என்ற எண்ணம், ஈற்றில் நகர விடயத்தை மக்களிடமிருந்தே தனியாக்கிவிட்டது. ஆகவே 2015இல் மக்கள் வாக்களித்துச் சட்ட ஏட்டைத் திருத்தினர். மாநிலத் தேர்தல் நடக்கும் நாளிலேயே மேயர் தேர்தலும் நடக்கும்படி மாற்றினர். மேயரைப் பொறுத்தவரை அவ்வாறு நடந்த முதல் தேர்தல் 2022இல் வந்தது.

அப்போது நகரத்தின் முதற் பிரச்சினை வீடில்லாமை. அவ்வாண்டு எடுத்த கணக்கின்படி ஏறக்குறைய 42,000 பேர் நகரத்தில் சொந்த வீடோ வாடகை வீடோ இல்லாமல் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலானோர் நடைபாதையிலும் பாலத்தின் கீழும் கூடாரம் அடித்தும் வாகனத்துக்குள்ளும் வாழ்ந்தனர். செல்வம் கொழிக்கும் நாட்டிலும் தறப்பாள் கொட்டில் உண்டு என்பதை எமது மக்கள் அறிந்திருப்பது நல்லது.

ஜூன் 7ஆம் திகதி நடந்த முதற் சுற்றில் சீட்டில் 12 பெயர்கள் இருந்தன. எவருக்கும் பாதி வாக்குக் கிடைக்கவில்லை. கரென் பாஸ் நூற்றுக்கு 43 வாக்கும், றிக் கரூசோ நூற்றுக்கு 36 வாக்கும் பெற்று இரண்டாம் சுற்றுக்குச் சென்றனர். பாஸ் அமெரிக்கக் காங்கிரசின் உறுப்பினர். அதற்கு முன்னர் தென் லொஸ் ஏஞ்சல்சில் அயலவரை ஒன்றுதிரட்டிச் சமூகப் பணி செய்தவர். கரூசோ பெரும் கடைத்தொகுதிகளைக் கட்டிய கோடீசுவரர். முன்னர் குடியரசுக் கட்சியில் இருந்து, பின்னர் கட்சியற்றவராகி, போட்டியிடும் ஆண்டிலேயே ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தவர். சீட்டில் கட்சி இல்லாவிட்டாலும் மக்களின் மனத்தில் கட்சி இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கரூசோ 100 மில்லியன் டொலருக்கு மேல் செலவழித்தார். அதில் பெரும்பகுதி அவருடைய சொந்தப் பணம். பாஸ் செலவழித்ததைவிட இது பத்து மடங்குக்கு மேல். நவம்பர் 8ஆம் திகதி இரண்டாம் சுற்று நடந்தது. பாஸ் 5 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளுடன், நூற்றுக்கு ஏறக்குறைய 55 வீதம் பெற்று வென்றார். அந்நகரத்தின் முதற் பெண் மேயர் அவரே. பணம் பெயரை எங்கும் கேட்கச் செய்யும். ஆனால் பலர் வாக்களிக்க வந்தால் பணத்தின் பிடி தளரும் என்பதை இத்தேர்தல் காட்டியது.

அதே நாளில், 5 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட விலையில் விற்கப்படும் ஆதனங்களுக்கு விசேட வரி விதித்து, அப்பணத்தைக் குறைந்த வாடகை வீடுகளுக்கும் வாடகைக் குடியிருப்பாளரின் பாதுகாப்புக்கும் செலவிட வேண்டும் என்ற பிரேரணையையும் மக்கள் வாக்களித்து நிறைவேற்றினர். டிசம்பர் 12ஆம் திகதி பணியைத் தொடங்கிய அன்றே பாஸ் வீடில்லாமை குறித்து அவசர நிலைமையைப் பிரகடனம் செய்தார். கூடாரங்களில் இருந்தோரை மோட்டல் எனப்படும் விடுதிகளுக்கு அழைத்துச் செல்லும் திட்டம் தொடங்கியது. பலன் உடனே வந்துவிடவில்லை. 2023இல் வீடில்லாதோர் தொகை 46,000ஐத் தாண்டியது. 2024இல் 45,000 அளவுக்குச் சற்றுக் குறைந்தது. விடுதி என்பது தற்காலிகத் தங்குமிடமே. நிரந்தர வீடு கட்டிமுடிக்கப் பல ஆண்டுகள் செல்லும். நல்லவர் ஒருவரைத் தெரிவு செய்வதோடு மக்களின் வேலை முடிவதில்லை.

முகவரி இல்லாதவரும் வாக்காளரே

இம்முறையில் எமக்கு மிக நெருக்கமான அம்சம் ஒன்றுண்டு. வீடில்லாதவர் எப்படி வாக்காளராவது? கலிபோர்னியாவில் ஒருவருக்கு வீட்டு இலக்கம் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தாம் வழமையாகத் தங்கும் இடத்தை, இன்ன வீதியும் இன்ன வீதியும் சந்திக்கும் சந்தி என்று, விபரித்து எழுதினால் போதும். அந்த இடம் எந்த வட்டாரத்தில் இருக்கிறதோ அந்த வட்டாரத்தில் அவர் வாக்காளர். பதிவுசெய்த எல்லோருக்கும் வாக்குச்சீட்டுத் தபாலில் அனுப்பப்படுகிறது. தபால் பெற முகவரி இல்லாதவர் வாக்களிப்பு நிலையத்துக்கு நேரே போகலாம். பதிவு செய்யத் தவறியவர் தேர்தல் நாளன்றே பதிந்து வாக்களிக்கவும் ஏற்பாடு உண்டு. குடியுரிமை இல்லாத குடியேறிகளுக்கு மட்டும் இந்த உரிமை இல்லை. அந்நகரத்தில் அவர்கள் தொகை பெரிது என்பது ஒரு குறையே.

வாக்குரிமை வீட்டுக்குக் கிடைப்பதன்று, மனிதருக்குக் கிடைப்பது என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை. வீட்டை இழந்தவர் தமது குரலையும் இழக்கக் கூடாது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

சங்கங்களிலும் மாதர் குழுக்களிலும் கலந்துரையாடுவதற்காக இவற்றைச் சுருக்கித் தருகிறோம்.

1. கட்சி இருக்கட்டும், இல்லாதிருக்கட்டும். எமது பிரச்சினையில் அவர் எடுக்கும் நிலைப்பாட்டையே முதலில் கேளுங்கள். காணி, நட்டஈடு, மீள்குடியேற்றம், குளம், வீதி என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

2. கேட்டது அவருடைய அதிகாரத்துக்குள் வருமா என்று பாருங்கள். வராததைத் தருவேன் என்பவர் ஒன்றில் அறியாதவர், அல்லது ஏமாற்றுபவர்.

3. பெரிய மனிதர் ஒருவரின் வாக்குறுதியும் சட்டமும் ஒன்றல்ல. சாவேஸ் ரவீன் மக்களிடம் முதல் வாய்ப்புத் தருவதாகச் சொன்ன கடிதம் இருந்தது. வாக்குறுதியின் மறுபக்கத்தில் இருந்த திட்டம் ஒரு தேர்தலோடு போய்விட்டது. காணியைக் கொடுத்துவிட்டுப் பிறகு உறுதி கேட்பதிலும், உறுதியைப் பெற்றுக்கொண்டு காணியைப் பற்றிப் பேசுவது நல்லது.

4. இடாப்பிலே பெயர் இருக்கிறதா என்று ஆண்டுதோறும் பாருங்கள். பதினெட்டு வயதடைந்த பிள்ளைகளின் பெயரையும் சேர்ப்பியுங்கள். றோய்பலின் வெற்றி மேடையில் தொடங்கவில்லை. பெயர் பதிவதிலே தொடங்கியது.

5. நாம் தொகையில் குறைந்தவர்களானால் அயலவரோடு கூட்டுச் சேருங்கள். மொழியும் மதமும் வேறாயினும், குடிநீர் இல்லாத துன்பம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

6. தேர்தல் முடிந்த மறுநாள் வீட்டுக்குள் முடங்கிவிடாதீர்கள். வென்றவரைக் கேள்வி கேட்கும் கூட்டம் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது நடக்கட்டும்.

கட்சிப் பெயரை அழித்துவிட்டால் நல்லாட்சி தானாக வந்துவிடும் என்று 1909இல் சீர்திருத்தக்காரர் நம்பினர். வந்தது நல்லாட்சியும் உண்டு, அநியாயமும் உண்டு. எந்த முறையும் மக்களுக்குப் பதிலாக விழித்திருக்காது. சாவேஸ் ரவீனிலிருந்து வெளியேற்றப்பட்டோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பல்லாண்டுகளாக ஒன்றுகூடித் தம் ஊரின் பெயர்களைச் சொல்லி நினைவுகூர்ந்து வந்துள்ளனர். ஊர் போயிற்று, ஊரின் பெயரை அவர்கள் விட்டுவிடவில்லை. எமது ஊர்களின் பெயர்கள் இன்னும் வரைபடத்தில் இருக்கின்றன. பல ஊர்களின் மண்ணும் அப்படியே இருக்கிறது. அங்கே திரும்பிப் போகும் பாதைக்கு எமது பெயரும் இடாப்பிலே இருக்க வேண்டும்.